நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்வெட்டர்

ஒரு மார்கழி மாதம். நீலகிரியின் மேல்பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்ன சுகாதார நிலையத்தின் பின்னறையில் ஒரு ஸ்வெட்டர் வாழ்ந்து வந்தது. செங்கல் நிறம், அசல் கம்பளி. அந்த அறையில் தன்னைவிடச் சூடானது அடுப்பு மட்டும்தான் என்று அது நினைத்தது. அடுப்பின் மேலும் அதற்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அதன் சொந்தக்காரி முத்துப்பேச்சி, விளாத்திகுளத்துப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். கிராம நர்ஸ் வேலை கிடைத்து மலைக்கு ஏறி வந்தபோது அவளிடம் ஒரே ஒரு பை இருந்தது. அதற்குள் மூன்று பருத்திச் சுடிதார். முதல் வாரமே பல் கிட்டிப்போய், ஊட்டி பஜாருக்குப் போய் அந்த ஸ்வெட்டரை வாங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு போதும்க்கா," என்று கடைக்காரம்மாளிடம் சொன்னாள். "நடந்து திரியுற பொழப்பு. சுமந்துக்கிட்டு அலைய முடியாது."

ஸ்வெட்டருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. ஒண்ணே ஒண்ணு. அறைக்கு வந்து சுவர் ஆணியில் தொங்கிய முதல் நாள், ராணி போல் நிமிர்ந்து தொங்கியது.

ஆனால் மூன்றாம் நாளே ஒரு காரியத்தை அது கண்ணால் கண்டது. முன்பு இருந்த நர்ஸ் விட்டுப்போன சால்வை ஒன்று அங்கே கிடந்தது. கனமான, நல்ல சால்வை. முத்துப்பேச்சி அதை இரண்டு நாள் போர்த்திப் பார்த்தாள். மேடேறும்போது அது தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மடித்து, அங்கே கூட்டிப் பெருக்கும் பாத்திமாக்காவிடம் நீட்டினாள்.

"எனக்கு இது ஆகாதுக்கா. நீங்க வச்சுக்கிடுங்க."

அவ்வளவுதான். சால்வை போய்விட்டது. ஸ்வெட்டர் ஆணியில் தொங்கியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'இவள் எதையும் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள்' என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டது.

அதற்கடுத்த வாரம் இரண்டு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

ஒன்று, கறுப்பு நிறத்தில் ஒரு தெர்மல் பனியன். தோலோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உருப்படி. இன்னொன்று சாம்பல் நிறக் கோட்டு. கோட்டு என்று பெயர்தான், உள்ளே பஞ்சும் இல்லை, கம்பளியும் இல்லை. மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

"ஒரே தடியா ஒண்ண மாட்டிக்கிட்டா, ஏத்தத்துல வேர்த்து ஊத்துது. நின்னா அந்த வேர்வையே குளிருது," என்று பாத்திமாக்காவிடம் சொன்னாள் முத்துப்பேச்சி. "அதான் மெல்லிசா மூணு. வேணும்னா ஏத்திக்கலாம், வேணாம்னா உரிச்சுக்கலாம். இதுக்கு மேல ஒண்ணும் வாங்கப் போறதில்ல."

பாத்திமாக்கா சிரித்தாள். "வெங்காயம் மாதிரியா?"

"வெங்காயமேதான்."

அவர்கள் சிரித்தார்கள். ஸ்வெட்டர் சிரிக்கவில்லை. அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பனியன் உள்ளே போகிறது. கோட்டு வெளியே வருகிறது. நடுவில் நான். எதற்காக இரண்டு பக்கமும் ஆள் போட்டு என்னை வளைக்கிறார்கள்?

முதல் நாளே அதன் சந்தேகம் முளைவிட்டது. காலையில் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த முத்துப்பேச்சி, கைகளைத் தேய்த்துவிட்டு, "யப்பா, இப்பதாம்லா கதகதப்பா இருக்கு!" என்றாள்.

இப்பதான் என்றால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் நான் கொடுத்தது என்ன?

ஸ்வெட்டருக்குத் தோன்றிய விளக்கம் இதுதான். சூடு தன்னிடமிருந்துதான் கிளம்புகிறது, அதில் ஐயமே இல்லை. அது அவள் உடம்புக்குப் போகிற வழியில் இந்தப் பனியன் குறுக்கே நின்று வாங்கிக்கொள்கிறது. வாங்கி, தன்னுடையது போல் அவளிடம் கொடுத்துப் பெயர் தட்டிச் செல்கிறது.

அன்று சாயங்காலம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் தொங்கியபோது, அது பனியனை மடக்கியது.

"நீ ஏன் லேசா ஈரமா இருக்கே?"

"அவளோட வேர்வை," என்றது பனியன். அது அதிகம் பேசாத பிறவி. "நான் வாங்கி வெளிய அனுப்புறேன்."

"எங்க அனுப்புறே?"

"உன் வழியாத்தான்."

"என் வழியாவா? எனக்குத் தெரியாம என் வழியா என்னென்னமோ போகுதா?"

பனியன் அதற்குள் களைப்பில் தூங்கிவிட்டிருந்தது. ஸ்வெட்டர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. வேர்வை என்று பேர் சொல்லி, என் சூட்டைக் கடத்துகிறான். கேட்டால் தூங்குவது போல் நடிக்கிறான்.

கோட்டின் விஷயம் இன்னும் மோசம்.

கோட்டு வந்த வாரம்தான் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளும் முத்துப்பேச்சியின் பொறுப்பில் சேர்ந்தன. சுகாதார நிலையத்திலிருந்து அங்கே போக ஒரு மேடு ஏற வேண்டும். மேட்டின் உச்சியில் மரமோ மறைவோ கிடையாது. அங்கே போனதும் காற்று வரும். காற்று வந்ததும் கோட்டு பேச ஆரம்பிக்கும். சரசர, சரசர என்று, நிறுத்தாமல், மேட்டைத் தாண்டும் வரை. உள்ளே இருக்கும் ஸ்வெட்டருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது.

"காத்துகிட்ட அப்படி என்ன பேச்சு உனக்கு?" என்று ஒருநாள் கேட்டது.

"வேலை விஷயம்," என்றது கோட்டு.

"தினமுமா?"

"தினமும் வருதே, என்ன செய்ய?"

வேலை விஷயமாம். எதிராளியோடு தினமும் பேசுகிற காவல்காரனை யார் நம்புவார்கள்?

இதற்கெல்லாம் மேலாக ஒன்று நடந்தது. வெயில் ஏறிய ஒரு நாளில், மேடேறும்போது முத்துப்பேச்சிக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு கோட்டை மட்டும் மறுபடி போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரைச் சுருட்டி மருந்துப் பைக்குள் திணித்தாள். இருட்டில், பஞ்சு உருண்டைகளுக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கும் நடுவே கிடந்து, வெளியே கேட்ட சரசரப்பை ஸ்வெட்டர் காது கொடுத்துக் கேட்டது. பனியனும் கோட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடந்தன. இப்போது அவர்களுக்கு நடுவே யாரும் இல்லை.

நான் இல்லாமல் இரண்டு பேரும் சமாளித்துக் காட்டிவிட்டால்? அவள் ஒருநாள் என்னையும் மடிப்பாள். 'எனக்கு இது ஆகாதுக்கா' என்பாள்.

பொறுத்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஸ்வெட்டர் முடிவு செய்தது. பனியனை ஒன்றும் செய்ய முடியாது, அது தோலோடு தோலாக இருக்கிறது. கோட்டை விரட்டலாம். கோட்டு போய்விட்டால், எல்லோருக்கும் மேலே, உலகம் பார்க்க, தான் மட்டும் இருக்கலாம்.

ஸ்வெட்டரின் கைப்பக்கம் ஓர் இழை பிரிந்திருந்தது. ஒரு சாயங்காலம், அறையில் யாருமில்லாத நேரத்தில், அதை மெல்ல நீட்டி கோட்டின் ஜிப்புக்குள் விட்டது. பல்லுக்குப் பல் சுற்றியது. இறுக்கியது. பிறகு தன் பக்கத்து நுனியை அறுத்துக்கொண்டது. கோட்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுதும் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, அசந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் முத்துப்பேச்சியின் போன் அடித்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டிலிருந்து யோகராஜ் பேசினான். அவன் மனைவி ரோகிணிக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர், அவளுக்கு வலி எடுத்துருச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். கீழேருந்து ஏறி வர ஒரு மணி நேரம் ஆகுமாம். நீங்க வாங்க சிஸ்டர், கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

"பதறாத. வெந்நி போட்டு வையி. வந்துக்கிட்டே இருக்கேன்."

பனியன், சுடிதார், ஸ்வெட்டர். மளமளவென்று மாட்டினாள். கோட்டைப் போட்டு ஜிப்பை இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள், அரை இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். பிடி கையோடு வந்துவிட்டது. ஜிப் இல்லாத கோட்டு அந்தக் காற்றில் கப்பல் பாய் போலப் பின்னால் இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சனியன், இன்னைக்குப் பாத்துத்தானா!" என்று அதைக் கட்டிலில் வீசிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஸ்வெட்டர் வெளியே வந்தது. அந்த மேட்டுப் பாதையில் முதன்முறையாக அதற்கு மேல் எதுவும் இல்லை. பாதையோரப் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. தேயிலைச் செடிகளின் மேல் உப்புத் தூவியது போல் இருந்தது. என்ன அழகு, என்று நினைத்தது. இதையெல்லாம் இத்தனை நாள் அந்தக் கோட்டு தனியாக அனுபவித்திருக்கிறான்.

மேட்டின் உச்சியில் காற்று வந்தது.

"யாரது?" என்றது காற்று. "புது ஆளா இருக்கே."

"புது ஆளா? நான்தான் தினமும் இந்த வழியா வர்றேனே," என்றது ஸ்வெட்டர்.

"நீயா? உன்னை நான் பார்த்ததே இல்லையே. சாம்பல் கலர்ல ஒருத்தன் வருவான். வாசல்ல நின்னு, உள்ள யாருமே இல்ல, போ போன்னு கத்திக்கிட்டே இருப்பான். நானும் யாருமில்லையாக்கும்னு போயிருவேன்."

ஸ்வெட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உள்ளதான் நீ இருந்தியா?" என்று காற்று சிரித்தது. "உள்ள இன்னொரு ஆளும் இருக்கும் போலிருக்கே? பொம்பள வாசனை வருது. இரு, பார்த்துட்டு வர்றேன்."

"நில்லு! போகாதே!"

"எங்க நிக்கச் சொல்றே? உன் மேல எண்ணி முடியாத வாசல் இருக்கு, எல்லாமே திறந்து கிடக்கு."

காற்று உள்ளே போயிற்று. ஒவ்வொரு பின்னல் கண்ணி வழியாகவும் போயிற்று. ஸ்வெட்டர் இறுகிப் பார்த்தது, சுருங்கிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. முத்துப்பேச்சி கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு குனிந்தபடி ஓடினாள். அவள் பற்கள் அடித்துக்கொள்வது ஸ்வெட்டருக்குக் கேட்டது.

லைன் வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கோழிக்குஞ்சு போல ஒரு பெண் குழந்தை. அழவில்லை, முனகியது. பாதம் இரண்டும் நீலம் பாரித்திருந்தன. துண்டு ஈரமாக இருந்தது.

முத்துப்பேச்சி கையை நீட்டினாள். நீட்டிய வேகத்தில் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என் கை விறைச்சுப் போச்சு. இந்தக் கையோட பிள்ளையத் தொடக் கூடாது. வெந்நி எங்க?"

வெந்நீரில் கையை வைத்து எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து, விரல் மடங்குகிற வரை அவள் நின்ற அந்த நேரம் ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் குழந்தையின் முனகல் இரண்டு முறை நின்று நின்று வந்தது. ஸ்வெட்டர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த நிமிடத்தை யார் உண்டாக்கியது என்று அதற்குத் தெரியும்.

பிறகு அவள் கைகள் வேலையில் இறங்கின. ஈரத் துண்டை வீசினாள். குழந்தையைத் துடைத்தாள், தொப்புள்கொடியைக் கட்டி வெட்டினாள். நஞ்சுக்கொடி விழக் காத்திராமல், ரோகிணியின் ரவிக்கையைத் தளர்த்தி, வெறும் நெஞ்சின் மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தினாள்.

"சிஸ்டர், துணி சுத்தாமலா?" என்று யோகராஜ் பயந்தான்.

"தோலோட தோலு படணும். அப்புறந்தான் துணி." குழந்தையின் முதுகில் மெல்லிய வேட்டித் துணியைப் போட்டாள். தன் ஸ்வெட்டரைத் தலை வழியாக உருவி, அதன் மேல் போர்த்தினாள். கதவு இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. "இதுக்கு மேல காத்து ஏறாம ஒண்ணு வேணும். என் கோட்ட மட்டும் கொண்டாந்திருந்தேன்னா… ஏதாச்சும் பிளாஸ்டிக்கு இருக்கா?"

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் தாளை வாசல் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தான் யோகராஜ். அதில் பனி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, அடுப்பில் காட்டி, போர்த்துவதற்குள் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

இப்போதுதான் தன் வேலை என்று ஸ்வெட்டர் நினைத்தது. கொடுக்க வேண்டும். இருக்கிற சூட்டையெல்லாம் இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். தனக்குள் இழை இழையாகத் தேடியது.

ஒன்றுமே இல்லை.

திகைத்துப்போய் இன்னொரு முறை தேடியது. கல் போலக் குளிர்ந்து கிடந்தது அதன் உடம்பு. பனியன் திருடியிருப்பானோ என்று பழைய நினைப்பு எழுந்தது. ஆனால் பனியன் நர்ஸின் உடம்போடு அந்த மூலையில் இருக்கிறான். இங்கே திருட யாரும் இல்லை. அப்படியானால் என் சூடு எங்கே போயிற்று? இருந்திருந்தால்தானே போவதற்கு?

வேட்டித் துணிக்கு அடியில் பிள்ளையின் முதுகு சில்லென்று இருந்தது. ஸ்வெட்டர் வாழ்க்கையில் முதன்முறையாகப் பயந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக, கீழேயிருந்து ஏதோ வந்தது. குழந்தையிடமிருந்து அல்ல, குழந்தைக்கும் அடியிலிருந்து. வலியில் துவண்டு, கண்ணை மூடிக் கிடந்த ரோகிணியின் நெஞ்சிலிருந்து கிளம்பி, பிள்ளையைக் கடந்து, மெல்லிய துணியைக் கடந்து, ஸ்வெட்டரை வந்து தொட்டது. மேலே பிளாஸ்டிக் தாள் காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் தன் கண்ணிகளிலெல்லாம் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு துளி வெளியே போகாமல், எதையும் யோசிக்காமல், பிடித்துக்கொண்டே கிடந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. அதை நெஞ்சிலிருந்து எடுக்காமல், போர்த்தியது போர்த்தியபடி ரோகிணியை ஏற்றினார்கள். ஸ்வெட்டரும் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து யோகராஜ் அதைத் துவைத்துக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். முத்துப்பேச்சி அதைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். இந்தப் பக்கம் பனியன், அந்தப் பக்கம் கோட்டு. கோட்டுக்குப் புது ஜிப் தைத்திருந்தது.

யாரும் பேசவில்லை. அந்த மௌனம் ஸ்வெட்டருக்குப் பிடிக்கவில்லை. இவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் பேசவில்லை? தெரியாவிட்டால் ஏன் பேசவில்லை?

"புது ஜிப் போல," என்று மெல்ல ஆரம்பித்தது.

"ஆமா," என்றது கோட்டு. "பழசுக்குள்ள நூல் சிக்கியிருந்துச்சுன்னு டெய்லர் எடுத்துக் காட்டினாரு. செங்கல் கலர்."

ஸ்வெட்டர் தரையைப் பார்த்தது.

"இந்த வீட்ல அந்தக் கலர் யாருகிட்ட இருக்குன்னு நானும் பனியனும் பேசிக்கிட்டிருந்தோம். இத்தனை நாளா."

"நான்தான்," என்றது ஸ்வெட்டர். "நீ என்னைப் பத்தி காத்துகிட்ட கோள் சொல்றேன்னு நினைச்சேன். நீ என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்னு காத்தே சொல்லிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளையோட பாதத்தையும் பார்த்தேன். என்னை என்ன செய்யணுமோ செஞ்சுக்கோங்க."

கோட்டு தன் புது ஜிப்பின் பிடியை ஒருமுறை ஆட்டிக்கொண்டது.

"டெய்லர் கடையில கிடந்த முதல் ரெண்டு நாள், நீ வந்தா புது ஜிப்பாலயே உன்னைக் கிழிச்சுரணும்னு இருந்தேன்," என்றது. "மூணாம் நாள் ஜிப் தைச்சு வந்துச்சு. அவ பனியனையும் என்னையும் போட்டுக்கிட்டு மேடேறினா. நான் காத்த நிறுத்தினேன். பனியன் வேர்வைய இழுத்துச்சு. ஆனா நடுவுல ஒண்ணுமில்ல. நானே ஐஸ் தகடு மாதிரி அவ மேல போய் ஒட்டிக்கிட்டேன். வெயில்ல ஏறுறப்போ ரெண்டு பேரும் போதும். பனிக்குப் போதல. அவளுக்குச் சளி பிடிச்சு, இன்னும் இருமிக்கிட்டிருக்கா. பாவம், அவ இருமினப்பல்லாம் எனக்கு உன் நினைப்பு வந்துச்சு. கோவமும் வந்துச்சு, நினைப்பும் வந்துச்சு."

"நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்," என்றது பனியன், எதிர்பாராமல்.

"நீயுமா? எதுக்கு?"

"நான் அனுப்புற ஈரத்தை நீ வேணும்னே திருப்பி அனுப்புறேன்னு. என் மேல அழுக்குப் பட்டம் கட்டி வெளிய தள்ளத்தான்னு." பனியன் கொஞ்சம் வெட்கப்பட்டது. "நீ இல்லாத நாள்ல, அது போக இடமில்லாம எங்கிட்டயே நின்னுருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது."

அதற்குப் பிறகும் மூன்றும் ஒரே நாளில் நண்பர்களாகிவிடவில்லை. கோட்டு ஜிப்பை ஏற்றும்போது ஸ்வெட்டர் தன் இழைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோட்டும் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் இருந்தது.

தை மாதக் கடைசியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய குழந்தையை எடை பார்க்க முத்துப்பேச்சி லைன் வீட்டுக்குப் போனாள். மூன்றும் அவள் மேல் இருந்தன. வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடுப்புச் சூட்டில் கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"ரெண்டு கிலோ நூறு," என்றாள். "தேறிட்டாளே கழுத!"

ரோகிணி சிரித்தபடி குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் கண் நர்ஸின் மடியில் கிடந்த ஸ்வெட்டரின் மேல் போயிற்று. கைநீட்டி அதைத் தடவினாள்.

ஸ்வெட்டர் தன்னையறியாமல் நிமிர்ந்தது. கோட்டு அதை ஓரக்கண்ணால் பார்த்தது. பனியன் காதைத் தீட்டிக்கொண்டது.

"இந்தச் சட்டைதானே சிஸ்டர், அன்னைக்கு எம்புள்ளயக் காப்பாத்துச்சு?" என்றாள் ரோகிணி.

"சட்டையா?" முத்துப்பேச்சி தராசுத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "சட்டைக்கு ஏதும்மா சூடு? எல்லாம் உன் நெஞ்சுச் சூடுதான். இந்தத் துணியெல்லாம் அந்தச் சூடு வெளிய போயிராம பாத்துக்கிடுச்சு. அம்புட்டுத்தான்."

மூன்று துணிகளும் அதைக் கேட்டன. மறுத்துப் பேச ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.